மாஸ்க்கில் ஆவி படிந்தால் மேலே ஓடாதீர்கள்

ஸ்கூபா டைவிங்கில், ஆறு மீட்டர் ஆழத்தில் ஒருவர் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். கரையில் அதற்கு 'சூப்பர்' என்று அர்த்தம், தண்ணீருக்கடியில் 'நான் மேலே போகிறேன்' என்று அர்த்தம். என்ன ஆச்சு என்று சைகையில் கேட்பதற்குள் ஃபின்னை (காலில் மாட்டும் துடுப்பு) உதைத்துக் கிளம்பிவிட்டார். எட்டிப் பிடித்து, மூச்சை அடக்காதீர்கள், விடுங்கள் விடுங்கள் என்று கையால் காட்டிக்கொண்டே மெதுவாக மேலே கூட்டி வந்தேன். தலை வெளியே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஒண்ணுமே தெரியலைங்க."

காற்று தீரவில்லை, காது வலிக்கவில்லை, சுறா எதுவும் வரவில்லை. கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்கின் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது, அவ்வளவுதான்.

கோயம்புத்தூர்க்காரர். அந்தமான் போகிறோமே என்று ஆசையாக ஆன்லைனில் ஒரு மாஸ்க் வாங்கி வந்திருந்தார், அதன் பெட்டியையே படகில் வைத்துத்தான் பிரித்திருக்கிறார். புதுசா, தேய்த்துக் கழுவினீர்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்றைய தப்பில் பாதி என்னுடையது. ஹேவ்லாக்கில் (2018-லேயே ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில்தான் இன்னும் வரவில்லை) சீசனில் தினமும் புது ஆட்களைத் தண்ணீருக்குள் இறக்குகிறேன், அதனால் இந்த விஷயத்தை ஒருமுறை முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எல்லோரும் கேட்பது, "இங்கே கடல் வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது, அப்புறம் எப்படி ஆவி படியும்?" தண்ணீர் 28 டிகிரி என்றாலும் உங்கள் முகத்தின் சூடு அதைவிட நாலைந்து டிகிரி அதிகம். மாஸ்க்குக்குள் அடைபட்ட காற்றில் வியர்வையின் ஈரமும் மூக்கிலிருந்து கசியும் மூச்சின் ஈரமும் இருக்கும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தைக் கடல் குளிர வைத்துக்கொண்டே இருக்கிறது. குளிர்ந்த இடத்தில் ஈரம் படியத்தான் செய்யும், அதை யாராலும் நிறுத்த முடியாது. நம்மால் முடிவது, அந்த ஈரம் எப்படிப் படிகிறது என்பதை மாற்றுவது மட்டும்தான். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் பரவி மெல்லிய ஏடு மாதிரி நிற்கும், அதன் வழியாக நன்றாகவே பார்க்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பொடிப்பொடித் துளிகளாக உருண்டு நிற்கும். அந்தத் துளிகள்தான் வெளிச்சத்தைச் சிதறடித்துப் பால் ஊற்றியது போலக் காட்டுகின்றன.

அதனால் செய்ய வேண்டிய வேலை இரண்டு. பிசுக்கைப் போக்குவது ஒன்று, தண்ணீரைப் பரவ வைப்பது இன்னொன்று. எச்சில் துப்பித் தேய்ப்பது இரண்டாவது வேலையை மட்டும்தான் செய்யும். முதல் வேலையைச் செய்யாமல் எவ்வளவு துப்பினாலும் பிரயோஜனம் இல்லை, படகில் அவர் துப்பியதை நானே பார்த்தேன்.

புது மாஸ்க் பளபளவென்று இருக்கும், ஆனால் கண்ணாடியின் உள்பக்கத்தில் தயாரிப்பின்போது படிந்த சிலிகான் படலம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரில் கழுவினாலும் போகாது. அதற்குச் சாதாரண வெள்ளைப் பற்பசை போதும், ஜெல் வேண்டாம். உலர்ந்த கண்ணாடியின் உள்பக்கம் பட்டாணி அளவு வைத்து, ஓரம் மூலை விடாமல் விரலால் இரண்டு மூன்று நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு தடவை போதாது, மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும். போதுமா என்று பார்க்க எளிய வழி, உள்பக்கம் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றிச் சாய்ப்பது. முத்து முத்தாக நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது, மறுபடி தேய்க்க வேண்டும். ஒரே ஏடாக வழிந்து போனால் சரி. இதையெல்லாம் முந்தின நாள் ராத்திரி அறையிலேயே முடித்துவிடுங்கள், ஆடுகிற படகில் நடக்கிற காரியம் இல்லை. உள்பக்கம் ஆவி படியாத பூச்சோடு வரும் மாஸ்க்காக இருந்தால் மட்டும் பேஸ்ட்டைத் தொடவே தொடாதீர்கள், பூச்சு போய்விடும்.

லைட்டர் வித்தையும் யாராவது சொல்வார்கள். சுடரைக் கண்ணாடியின் உள்பக்கம் ஓட்டினால் கரி படியும், துடைத்துவிட்டுத் திரும்ப ஓட்டினால் படலம் எரிந்து போகும். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் டெம்பர்ட் கண்ணாடி (சூடாக்கி வலுவூட்டிய கண்ணாடி) இல்லாமல் பிளாஸ்டிக்காக இருந்தால் மாஸ்க் காலி, கை கொஞ்சம் விலகினால் முகத்தில் உட்காரும் சிலிகான் ஓரம் கருகும். என் முதல் மாஸ்க்கின் ஓரத்தில் இன்றைக்கும் அரைவட்டமாக ஒரு கருகல் இருக்கிறது. பேஸ்ட்டோடு நில்லுங்கள்.

சரி, இனி எச்சில். நம் ஊரில் எச்சில் என்றாலே ஒரு கூச்சம். படகில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தொட்டும் தொடாமல் ஒரு சொட்டு வைப்பார்கள். கூச்சப்படுவதென்றால் எல்லோரும் மாஸ்க் முக்கி எடுக்கிற அந்த வாளித் தண்ணீரைப் பார்த்துத்தான் கூச்சப்பட வேண்டும், நான் கடலிலேயே அலசிக்கொள்வேன். முக்கியமானது வரிசை. கண்ணாடி உலர்ந்திருக்கும்போதே துப்ப வேண்டும், முழுக்கத் தேய்க்க வேண்டும், பிறகு ஒரே ஒரு முக்கு. முதலில் நனைத்துவிட்டுத் துப்பினால் எச்சில் ஒட்டாது. துப்பிவிட்டு 'சுத்தமாக' இருக்கட்டும் என்று விரல் விட்டுத் தேய்த்துக் கழுவினால் போட்டதெல்லாம் போய்விடும். வாடகை மாஸ்க்கில் எச்சில் வேண்டாம் என்றால் குழந்தைகள் ஷாம்பூ சில சொட்டுகளைத் தண்ணீரில் கலந்து சின்ன ஸ்பிரே பாட்டிலில் கொண்டுவாருங்கள். நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். பாத்திரம் விளக்கும் திரவம் வேண்டாம், கண் எரிச்சலில் மீனெல்லாம் பார்க்க முடியாது.

கண்ணாடியைச் சரி செய்துவிட்டு முகத்தைக் கோட்டைவிடுகிறவர்களும் உண்டு. காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய், அதன்மேல் சன்ஸ்கிரீன், அதே விரலால் மாஸ்க்கின் உள்பக்கத்தை ஒரு தடவு. தேய்த்த மூன்று நிமிடமும் வீண். கிளம்பும் வரை மாஸ்க்கை நெற்றியில் ஏற்றி வைக்காதீர்கள், வியர்வையும் சூடும் உள்ளே ஏறும், கழுத்தில் தொங்கட்டும். போடுவதற்கு முன் முகத்தில் கடல் தண்ணீரை அடித்துக் குளிர வையுங்கள். போட்ட பிறகு மூச்சு வாய் வழியாகவே போய் வரட்டும்.

இவ்வளவும் செய்தும் ஆவி படியலாம். அதற்குப் பதில் மேலே போவது அல்ல, மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் விடுவது. கேட்டதும் எல்லோரும் முழிப்பார்கள். அடியோரத்தை லேசாக விலக்கினால் ஒரு கரண்டித் தண்ணீர் உள்ளே வரும். குனிந்து தலையை அசைத்தால் அது கண்ணாடியைக் கழுவிவிடும். பிறகு சட்டத்தின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, சற்று மேலே பார்த்தபடி மூக்கால் நிதானமாக ஊதினால் தண்ணீர் கீழ் வழியாக வெளியேறும். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் கையைத் தட்டையாக வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டி, மாஸ்க்கைத் தொட்டுக் காட்டினால் போதும், நாங்கள் பக்கத்தில் வந்து பிடித்துக்கொள்வோம்.

பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வதுதான் நிஜமான ஆபத்து. பத்து மீட்டரில் நுரையீரலில் இருக்கும் காற்று மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். அடக்கி வைத்தால் நுரையீரலே கிழியலாம், ஆழம் குறைவு என்பதால் தப்பித்துவிட முடியாது.

கோயம்புத்தூர்க்காரர் அன்று ராத்திரி அறையில் உட்கார்ந்து நாலு தடவை பேஸ்ட் போட்டுத் தேய்த்திருக்கிறார். மறுநாள் அதே இடத்தில் இறங்கினோம், கண்ணாடி பளிச். ஆனால் இப்போது தண்ணீர் கசிந்தது. மீசை. சிலிகான் ஓரம் மீசைமேல் உட்கார்ந்தால் இடைவெளி விழும், மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்தால் சரியாகிவிடும் என்று சொன்னேன். மற்றதெல்லாம் கேட்பேன், மீசையில் மட்டும் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டார். அன்று நாற்பது நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை மாஸ்க்கைக் காலி செய்திருப்பார், கடைசியில் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மீனைப் பார்த்துக்கொண்டே.