டிராக்டரா, யூ.டி.வி.யா: வாங்கும் முன் ஒரு பட்டறைக் கணக்கு

சில ஏக்கர் நிலம் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "ஒரு வண்டிதான் வாங்க முடியும். சின்ன டிராக்டர் எடுக்கட்டுமா, பின்னால் பெட்டி வைத்த யூ.டி.வி. எடுக்கட்டுமா?" (யூ.டி.வி. என்றால் கார் போல ஸ்டியரிங்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளும் பின்னால் சுமைப்பெட்டியும் கொண்ட, காடுமேட்டில் ஓடுகிற சின்ன நான்கு சக்கர வண்டி.) பலர் மனத்துக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். டிராக்டர் பக்கம் சாய்ந்தவர் அதன் பலத்தைப் பேசுவார், யூ.டி.வி. பக்கம் சாய்ந்தவர் அதன் வேகத்தையும் சொகுசையும் பேசுவார். இரண்டையும் பிரித்துப் பழுது பார்க்கிறவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: பட்டறைக்கு வருகிற பழுதுகளில் பெரும்பகுதி, ஒரு வண்டியின் வேலையை இன்னொரு வண்டியிடம் வாங்கியதால் வந்தவை. கை கால் முறிவதும் உயிர் போவதும் பல நேரம் அங்கிருந்தே தொடங்குகின்றன.

நிலத்து வேலைகளை நான் இரண்டாகப் பார்க்கிறேன். ஒன்று, மண்ணோடு மல்லுக்கு நிற்கிற வேலை. உழுவது, கம்பத்துக்குக் குழி போடுவது, மழையில் அரித்த பாதையைச் சமன் செய்வது, எருக்குவியலை அள்ளுவது, முற்றிப்போன புல்லையும் புதரையும் வெட்டுவது. மற்றது போய் வருகிற வேலை. வேலியைச் சுற்றிப் பார்ப்பது, தீவன மூட்டை கொண்டு போடுவது, கம்பியும் கருவிகளும் ஏற்றிக்கொண்டு நிலத்தின் கோடிக்குப் போவது, வெட்டிய விறகைக் கொண்டு வந்து அடுக்குவது. முதல் வகைக்குப் பிறந்தது டிராக்டர். இரண்டாவது வகைக்குப் பிறந்தது யூ.டி.வி. ஒரு வருடத்து வேலைகளைத் தாளில் எழுதி, எந்த வகை எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். ஒரு மாதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். புல் வளரும் மாதமும் காய்ந்து கிடக்கும் மாதமும் ஒன்றில்லை.

விளம்பரத் தாளில் குதிரைசக்தியைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம். 50 குதிரைசக்தி யூ.டி.வி. இருக்கும்போது 25 குதிரைசக்தி டிராக்டர் எதற்கு என்று கேட்பார்கள். எஞ்சின் சக்தி வேறு, சக்கரம் மண்ணைப் பிடித்து இழுக்கிற இழுவை வேறு. இழுவை வண்டியின் எடையிலிருந்து வருகிறது. உறுதியான உலர்ந்த மண்ணில், ஓட்டும் சக்கரங்கள் தாங்குகிற எடையில் ஏறத்தாழப் பாதிதான் இழுவையாகக் கிடைக்கும் என்பது தோராயக் கணக்கு. ஈரமண்ணில் இன்னும் குறையும். யூ.டி.வி. பெரும்பாலும் 600 முதல் 900 கிலோ எடை. டிராக்டர் பொதுவாக அதைவிடக் கனம். அதன் பெட்ரோல் எஞ்சின் தன் முழுச் சக்தியைக் காட்ட நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றியாக வேண்டும். டிராக்டரின் டீசல் எஞ்சின் 2500 சுற்றை ஒட்டியே முழுச் சக்தி தந்து, அதே வேகத்தில் நாள் முழுக்க ஓடும். கியர்களும் நடை வேகத்துக்கும் கீழே போகிற மாதிரி அமைந்திருக்கும். சின்ன எண் போட்ட டிராக்டர் பெரிய எண் போட்ட யூ.டி.வி.யைவிட அதிகம் இழுப்பது இதனால்தான்.

டிராக்டரின் உண்மையான மதிப்பு அதன் முதுகுப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றி, எஞ்சின் சக்தியை நேராகக் கருவிக்குக் கொடுக்கிறது. புல்வெட்டி, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர், குழி தோண்டும் ஆகர் எல்லாம் இதில் ஓடுபவை. அதைச் சுற்றி மூன்று புள்ளி இணைப்பு: கீழே இரண்டு கை, மேலே மேல் லிங்க் என்கிற ஒரு கை, மூன்றும் சேர்ந்து கருவியைப் பிடித்திருக்கும். ஹாரி ஃபெர்குசன் 1920-களில் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடு, 1939-இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரோடு உலகமெங்கும் பரவியது. அதற்கு முன் கலப்பையைச் சும்மா பின்னால் கட்டி இழுப்பார்கள். கலப்பை பாறையில் சிக்கினால் டிராக்டரின் மூக்கு மேலே எழும்பி, வண்டி பின்பக்கமாகப் புரளும். ஃபெர்குசன் அமைப்பில் மேல் லிங்க் அந்த விசையை முன்பக்கமாகத் தள்ளி மூக்கைக் கீழே அமுக்கி வைக்கிறது. கலப்பையின் பாரமும் பின்சக்கரத்தில் ஏறுவதால் பிடிமானம் கூடுகிறது. யூ.டி.வி.க்கும் முன்பக்கத்தில் மாட்டும் தகடு, சின்னப் புல்வெட்டி, உரம் தூவும் கருவி என்று ஏதேதோ விற்கிறார்கள். லேசான வேலைக்குப் பரவாயில்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் பி.டி.ஓ. கிடையாது. அதனால் அந்தப் புல்வெட்டி தனி எஞ்சினோடு வரும். பராமரிக்க இன்னொரு எஞ்சின் சேரும்.

யூ.டி.வி.யிடம் மண்வேலை வாங்கினால் முதலில் போவது பெல்ட். பெரும்பாலான யூ.டி.வி.களில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சி.வி.டி. என்கிற அமைப்பு இருக்கும்: இரண்டு கப்பிகள், அவற்றைச் சுற்றி ஒரு ரப்பர் பெல்ட். போகப் போக கியர் விகிதம் தானாக மாறும். ஓட்ட எளிது. ஆனால் மரக்கட்டையைச் சங்கிலி போட்டு இழுக்கும்போது வண்டி நகராமல் ஆக்சிலரேட்டரை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தால், கப்பி சுற்றிக்கொண்டே இருக்கும், பெல்ட் ஒரே இடத்தில் தேய்ந்து அங்கே பள்ளம் விழும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை நகரும்போதும் வண்டி வெட்டி வெட்டிக் குலுங்கும். இது வண்டியின் கோளாறு என்று கொண்டுவருகிறவர்களே அதிகம். பாரம் ஏற்றும்போதும், மேடு ஏறும்போதும், இழுக்கும்போதும் லோ கியரில் போடுங்கள். பெல்ட்டின் ஆயுள் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும். ரப்பர் எரிகிற வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

பெட்டி கொள்கிற அளவும் தாங்குகிற எடையும் ஒன்றல்ல என்பதை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை. வேலைக்கான யூ.டி.வி. ஒன்றின் பெட்டி 0.4 கன மீட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். ஈர மண்ணோ ஜல்லியோ ஒரு கன மீட்டர் ஏறத்தாழ ஒன்றரை டன். விளிம்புவரை நிரப்பினால் 600 கிலோ. பெட்டியின் அனுமதி எடை பல வண்டிகளில் 450 கிலோவைத் தாண்டாது, சிறியவற்றில் 200 கிலோவே. காய்ந்த இலைதழை என்றால் கோபுரமாக அடுக்கலாம். ஜல்லி என்றால் 450 கிலோ தாங்குகிற வண்டியிலும் முக்கால் பெட்டிக்குள்ளேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்னொரு எண்ணும் கையேட்டில் உண்டு: மொத்தச் சுமை. அதில் ஓட்டுநர், பக்கத்தில் உட்கார்ந்தவர், ட்ரெய்லரின் கொக்கியில் அழுத்தும் எடை எல்லாம் அடக்கம். நல்ல உடம்புள்ள இரண்டு பேர் ஏறினாலே ஒரு பங்கு போய்விடும்.

இனி டிராக்டர் பக்கம். டிராக்டரைப் போய் வருகிற வண்டியாக்கினால் வருகிற பாதிப்பு மெதுவானது, அதனால் கண்ணில் படுவதில்லை. நாளைக்குப் பலமுறை ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடாகும் முன்பே அணைத்து, இடையில் ஐட்லிங்கில் விட்டுவிட்டு வேலி முடுக்கப் போனால், டீசல் முழுதாக எரியாமல் கரி படியும். புகைவடிகட்டி பொருத்திய புது டீசல் டிராக்டர்களில் இது இன்னும் மோசம். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய எஞ்சினுக்கு நல்ல சூடும் தொடர்ந்த ஓட்டமும் வேண்டும். பாதியில் பாதியில் அணைத்தால் அந்தச் சுத்திகரிப்பு முடிவதே இல்லை. ஒரு நாள் எச்சரிக்கை விளக்கு எரிந்து சக்தி குறையும். உடம்புக்கும் கேடுதான். உயரமான படியில் நாளெல்லாம் ஏறி இறங்கினால் முழங்கால் சொல்லும். இறங்கும்போது வழுக்கி விழுவது டிராக்டரில் சாதாரணமாக நடக்கிற விபத்து.

விபத்து என்று எடுத்துவிட்டதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

டிராக்டர் கவிழ்கிற விதங்களில் பயங்கரமானது பின்பக்கமாகப் புரள்வது. ஓட்டுகிற சக்கரம் சுற்ற முடியாமல் சிக்கிக்கொண்டால், எஞ்சினின் முறுக்கு வண்டியின் உடலை அச்சைச் சுற்றித் தூக்கும். ஒரு நொடிக்குள் மீட்க முடியாத கட்டத்தைத் தாண்டிவிடும். கிளட்சை மிதிக்கலாம் என்று மூளை நினைப்பதற்குள் முடிந்துவிடும். சங்கிலியை மேல் லிங்க் இடத்திலோ பின் அச்சிலோ கட்டி மரக்கட்டையை இழுப்பதுதான் இந்த விபத்தை வரவழைக்கிற வழி. எதை இழுத்தாலும் டிராபாரில், அதாவது பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைக் கம்பியில், மட்டுமே கட்டுங்கள். அது தாழ்வாக இருப்பதற்குக் காரணமே இதுதான்.

உயிரைக் காப்பது இருக்கைக்குப் பின்னால் நிற்கிற ரோல் பார் என்கிற இரும்புச் சட்டகமும் சீட் பெல்ட்டும் சேர்ந்து. ஸ்வீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்குப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு அங்கே கவிழ்ந்து சாகிறவர்கள் பெரிதும் குறைந்தார்கள். மரக்கிளை இடிக்கிறது என்று ரோல் பாரை மடக்கி வைத்துவிட்டு நிமிர்த்த மறப்பவர்களை என்ன சொல்ல? ரோல் பார் நிமிர்ந்திருந்தால் பெல்ட் போடுங்கள். மடங்கியிருந்தாலோ ரோல் பாரே இல்லாவிட்டாலோ பெல்ட் போடக்கூடாது. அது உங்களை வண்டிக்கு அடியிலேயே கட்டிவைக்கும்.

பி.டி.ஓ. தண்டின் 540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. தண்டின் சுற்றளவு 25 செண்டிமீட்டர் என்றாலும், சிக்கிய துணியை அது நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் இழுக்கும். சட்டைக் கையோ அவிழ்ந்த ஷூ நாடாவோ போதும். மேலே போட்ட பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். எஞ்சினை அணைத்து, தண்டு நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே கிட்டே போங்கள்.

முன்பக்க லோடர் வைத்தவர்களுக்கு இரண்டே வார்த்தை: பக்கெட் நிறைந்திருந்தால் தரையை ஒட்டித் தாழ்த்தி ஓட்டுங்கள், பின்னால் எதிரெடை மாட்டுங்கள். வட்டமாகச் சுருட்டிய வைக்கோல் கட்டை வெறும் பக்கெட்டில் தூக்காதீர்கள். உயர்த்தும்போது அது லோடரின் கை வழியாக உருண்டு ஓட்டுநர் மேல் வரும். அதற்கென்று குத்தித் தூக்கும் ஈட்டி இருக்கிறது.

மட்கார்டில் ஆள் உட்காரவைத்து ஓட்டுவதை இன்னும் விளையாட்டாக நினைக்கிறார்கள். டிராக்டரில் ஒரு இருக்கை, ஒரு ஆள். வேலைக்கு இரண்டு பேர் சேர்ந்து போய் வர வேண்டியிருக்கிறது என்றால், அது ஒன்றே யூ.டி.வி. வாங்கப் போதுமான காரணம்.

யூ.டி.வி.யிடம் ஆபத்து வேகத்தில் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் வளைவில் வெளியே தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். புல் தரையில் 40 கிலோமீட்டர் வேகம் கார் ஓட்டிப் பழகியவருக்கு மெதுவாகத் தெரியும். ஒரு வளைவிலோ ஒரு எலி வளையிலோ வண்டி பக்கவாட்டில் சாயும். சாயும்போது மனிதர் தம்மையறியாமல் காலையோ கையையோ வெளியே ஊன்றுவார். இருக்கைகளைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கூண்டின் கம்பி அதன்மேல்தான் விழும். சீட் பெல்ட்டும் பக்க வலையும் அந்தக் கையைக் காலை உள்ளே வைத்திருக்கத்தான். முதுகு இருக்கையில் சாய்ந்திருக்க, பாதம் தரைத்தட்டில் பதியாத குழந்தையை ஏற்றாதீர்கள். பெட்டியில் ஆளே வேண்டாம்.

மருந்து தெளிக்க 200 லிட்டர் தொட்டி வைப்பவர்கள் அதிகம். தண்ணீரே 200 கிலோ. தொட்டி, பம்ப் தனி. முழுத் தொட்டியைவிடப் பாதித் தொட்டி சரிவில் அபாயம். உள்ளே அலையடித்து, வண்டி சாய்கிற பக்கத்துக்கே பாரமும் ஓடிப் போகும். உள்ளே தடுப்புத்தகடு வைத்த தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

சரிவு நிலத்துக்கு எது நல்லது என்று கேட்டால், குறுக்கே போகாமல் நேராக ஏறி நேராக இறங்கினால் இரண்டுமே தேவலை; குறுக்கே போவதாக இருந்தால் இரண்டுமே எனக்குப் பயம். புல்தரையும் மெத்தென்ற மண்ணும் கெடக்கூடாது என்றால் யூ.டி.வி.யின் குறைந்த காற்றழுத்த டயர் நல்லது. ஆழப் பட்டை போட்ட டிராக்டர் டயர் ஈர நிலத்தில் தடம் பதித்துவிட்டுப் போகும்.

எனக்குள்ள சாய்வையும் சொல்லிவிடுகிறேன். மண்வேலை வருடத்தில் சில நாள்தான் என்றால், அந்த நாட்களுக்கு டிராக்டரை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுத்துவிட்டு யூ.டி.வி. வாங்குவேன். பாதை சமன் செய்வதும் எரு அள்ளுவதும் புதர் வெட்டுவதும் மாதந்தோறும் வருகிறதென்றால், நடுத்தர டிராக்டரும் ஒரு சின்ன ட்ரெய்லரும். டிராக்டர் என்றால் கருவிகளுக்கும் பணம் ஒதுக்குங்கள். வெறும் டிராக்டர் நிலத்தில் எதையும் செய்யாது. நடுவில் நிற்பவர்கள் பெரும்பாலும் டிராக்டர் வாங்கி, ஒரு வருடத்தில் பழைய யூ.டி.வி. ஒன்றையும் தேடுகிறார்கள். எதிர்த்திசையில் போகிறவர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

பழைய வண்டி பார்க்கப் போனால், யூ.டி.வி.யில் பெல்ட் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே கறுப்புத் தூளோ சேறோ இருந்தால் அந்த வண்டி பட்ட பாடு தெரியும். முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டி, மூட்டுகளில் உள்ள புஷ்கள் தளர்ந்திருக்கின்றனவா பாருங்கள். டிராக்டரில் மணிக்கணக்குக் காட்டும் மீட்டரை மட்டும் நம்பாமல் மிதிகளின் தேய்மானத்தைப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், முன்பே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள். கருவி ஒன்றைத் தூக்கி எஞ்சினை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் பொறுங்கள். சரசரவென்று கீழிறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு இருக்கிறது. இடது வலது பிரேக் மிதிகளைச் சேர்க்கும் கொக்கி வேலை செய்கிறதா என்று பாருங்கள், சாலையில் வேகமாகப் போகும்போது ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி சுழன்றுவிடும். ரோல் பார் இல்லாத பழைய மாடல் என்றால், அதற்குப் பொருந்துகிற சட்டகம் தயாரிப்பாளரிடம் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காது என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.