செலவு கட்டும்வரை நிறுத்திவைத்தல்: இதைத் 'தடை' என்று எழுதலாமா?

ஆங்கிலத் தீர்ப்பில் 'ஸ்டே' என்று கண்டாலே 'தடையுத்தரவு' என்று எழுதிவிடும் பழக்கம் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வேரூன்றிவிட்டது. செலவுக்காக வழக்கை நிறுத்திவைக்கும் கட்டளைக்கும் அதையே போடுகிறார்கள். இது தவறு.

ஒருவர் போட்ட வழக்கு நீக்கப்படுகிறது. எதிராளியின் செலவைக் கட்டு என்று நீதிமன்றம் சொல்கிறது. அவர் கட்டாமலே அதே சங்கதியை வைத்து இன்னொரு வழக்குப் போடுகிறார். எதிராளி கேட்டால், பழைய செலவு தீரும்வரை புதிய வழக்கை நீதிமன்றம் நகரவிடாமல் வைக்கலாம். இங்கிலாந்தின் குடியியல் நடைமுறை விதிகளில் 3.4ஆம் விதி இதைச் சொல்கிறது.

'ஸ்டே' வந்தது 'நில்' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து. செலவைக் குறிக்கும் 'கொஸ்ட்'டுக்கும் அதே வேர்தான். நமக்கு நில், நிறுத்து இருக்கின்றன. சரி, அது போதும்.

தடையுத்தரவு என்ற சொல்லுக்கு இங்கே ஏற்கெனவே வேலை இருக்கிறது. வயலில் இறங்காதே, மதில் கட்டாதே, காணியை விற்காதே என்று ஓர் ஆளைத் தடுப்பது அது. நாம் பேசும் கட்டளை வழக்காளியின் காணியைத் தொடுவதில்லை, வழக்கைத்தான் நிறுத்துகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், கடிதத்தை வாசிக்கும் விவசாயி தன் வயலுக்கே போகக்கூடாது என்று பயந்துவிடுவார். அந்தப் பயத்துக்கு மொழிபெயர்த்தவர்தான் பொறுப்பு.

'ஒத்திவைப்பு' என்பதும் சரிவராது. அதற்கு அடுத்த தவணை உண்டு. இதற்கு இருப்பது திகதி அல்ல, நிபந்தனை. 'தள்ளுபடி' என்றால் வழக்கே போய்விட்டது என்று ஆகும். 'இடைநிறுத்தம்' கொஞ்சம் கிட்ட வருகிறது. ஆனால் விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட உத்தியோகத்தரைத்தான் அது நினைவுபடுத்துகிறது.

'நிறுத்திவைத்தல்' என்பதில் அந்த 'வை' முக்கியம். பிறகு எடுப்பதற்காக அப்படியே வைத்திருப்பது என்ற பொருளை அதுதான் தருகிறது. 'செலவு' என்பதற்கே பழந்தமிழில் பயணம் என்று பொருள். தலைவன் பயணத்தைத் தாமதிப்பதை அகப்பாட்டில் 'செலவழுங்கல்' என்பார்கள். அதுவும் போகாமல் விடுவதல்ல, தலைவியைத் தேற்றிவிட்டுப் போவது. இந்தக் கட்டளையின் கருத்தும் அதற்கு நெருக்கமானது.

வடக்கு கிழக்கில் தமிழை நீதிமன்ற மொழியாக்கிய இலங்கை அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் 1988இல் வந்த பிறகும், அங்குள்ள நீதிமன்றங்களின் தமிழை ஆங்கிலத்தின் நிழலிலேயே எழுதுகிறோம். 'செலவினம்' என்பதைக்கூடச் 'செலவீனம்' என்று நீட்டுகிறார்கள். அந்த 'ஈனம்' எங்கிருந்து வந்தது? இங்கே 'வழக்குச்செலவு' என்றாலே போதும்.

கட்டளையை இப்படி எழுதலாம்: "முந்திய வழக்கின் செலவைக் கட்டும்வரை இவ்வழக்கு நிறுத்திவைக்கப்படுகிறது."