அமலுக்கு வராத திருத்தமும் ஒரு குண்டர் சட்டக் கோப்பும்

அந்த அம்மாவின் மஞ்சள் பைக்குள் இருநூறு பக்கத்துக்கும் மேற்பட்ட ஒரு தொகுப்பு இருந்தது. மகனைக் குண்டர் சட்டத்தில் அடைத்தபோது, அதற்கான காரணங்களையும் ஆவணங்களையும் சேர்த்துச் சிறையில் அவனிடம் கொடுத்த புக்லெட் அது. சிறையில் அவனைப் பார்க்கப் போன நாளில் அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருந்தான். மேசைமேல் அதை வைத்துவிட்டு அவர் கேட்டார்: “வழக்கில் ஜாமீன் வந்துவிட்டது, சார். பிறகும் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?”

தடுப்புக் காவல் வழக்குகள் நடத்தும் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்போம். ஜாமீன் அந்த வழக்குக்கு மட்டும்தான். குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14, செய்த குற்றத்துக்குத் தண்டனை தருவதில்லை. இனியும் செய்வான் என்று கருதி முன்கூட்டியே அடைத்து வைக்கிறது. மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ கையெழுத்திட்டால் போதும், பன்னிரண்டு மாதம் வரை உள்ளே இருக்க நேரிடும். சாட்சி விசாரணை கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்து வாதாடும் உரிமையும் கிடையாது.

இதற்கு அரசியலமைப்புச் சட்டத்தின் 22-ஆவது உறுப்பே இடம் கொடுக்கிறது. அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே விசாரணையில்லாச் சிறைக்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே உறுப்பு சில வேலிகளையும் போட்டிருக்கிறது. அந்த வேலிகளை வலுப்படுத்த நாடாளுமன்றம் ஒரு திருத்தமே கொண்டுவந்தது என்பது வழக்கறிஞர்களிலேயே பலருக்கு நினைவில்லை.

1975 ஜூன் 25-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். அடைத்தவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போட்டால், உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21-ஆவது உறுப்பையே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றது அரசு. 1976 ஏப்ரலில் ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் அதை ஏற்றார்கள். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். அடுத்த ஜனவரியில், முறைப்படி அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்குப் பின்னால் இருந்தவருக்குப் போனது.

அந்தக் காயத்திலிருந்து பிறந்ததுதான் 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம். எந்த நெருக்கடி நிலையிலும் 20, 21 ஆகிய உறுப்புகளின் பாதுகாப்பை நிறுத்தி வைக்க முடியாது என்று அது எழுதிவைத்தது. நெருக்கடி நிலை அறிவிக்க உள்நாட்டுக் குழப்பம் என்று இருந்த காரணத்தை நீக்கி, ஆயுதமேந்திய கிளர்ச்சி என்று மாற்றியது. இவை நடைமுறைக்கு வந்துவிட்டன.

வராதது அதன் மூன்றாவது பிரிவு. 22-ஆவது உறுப்பைத் திருத்துவதற்காக எழுதப்பட்டது அதுதான். அறிவுரைக் கழகத்தின் கருத்து இல்லாமல் ஒருவரை மூன்று மாதம் வரை வைத்திருக்கலாம் என்பதை அது இரண்டு மாதமாகக் குறைக்கிறது. நம் குண்டர் சட்டத்தில் ஏழு வாரத்துக்குள் கழகம் கருத்துச் சொல்லவேண்டும் என்று ஏற்கெனவே இருப்பதால், இந்தக் குறைப்பு இங்கே பெரிய மாற்றம் தராது. என் கவலையெல்லாம் அந்தக் கழகத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான். இப்போதுள்ள உறுப்பின்படி, உயர் நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி இருந்தாலே ஒருவர் உறுப்பினராகலாம். திருத்தமோ, பணியிலிருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதிதான் தலைவர், மற்ற உறுப்பினர்களும் பணியிலுள்ள அல்லது ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே கழகம் அமையவேண்டும் என்கிறது. அடைத்த அரசே ஆளையும் தேர்ந்தெடுப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

அமலாகும் தேதியைக் குறிக்கும் பொறுப்பை மத்திய அரசிடம் விட்டார்கள். அரசு குறிக்கவே இல்லை. 1981 டிசம்பரில் ஏ.கே. ராய் வழக்கில் இதை உச்ச நீதிமன்றத்திடம் கேட்டபோது, தேதி குறிக்குமாறு அரசுக்குக் கட்டளையிட முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டார்கள். அதன் பிறகு எத்தனையோ கட்சிகள் ஆட்சிக்கு வந்து போய்விட்டன. மக்களவை உறுப்பினரிடம் சாலையும் ரயிலும் கேட்கிறோம், இதையும் கேட்கலாம். சட்டம் இயற்றி முடிந்துவிட்டது, அரசிதழில் ஓர் அறிவிக்கைதான் பாக்கி.

அதுவரை, இருக்கிற வேலியையாவது பயன்படுத்தவேண்டும். காரணங்களைத் தெரிவிப்பதும், எதிர்த்து முறையிட மிக விரைவில் வாய்ப்புத் தருவதும் 22(5)-இன்படி அரசின் கடமை. குண்டர் சட்டத்தில் காரணங்கள் ஐந்து நாளுக்குள் கைக்கு வரவேண்டும். மாநில அரசு ஒப்புதல் தராவிட்டால் ஆணை பன்னிரண்டு நாளுக்கு மேல் நிற்காது. ஆகவே குடும்பத்தார் வக்கீலைத் தேடி அலையும் அந்த முதல் வாரத்திலேயே, ஆணையிட்ட அதிகாரிக்கு ஒன்று, அரசுக்கு ஒன்று எனத் தனித்தனியே முறையீடு போய்விடவேண்டும். சிறையிலிருப்பவரே சிறை அதிகாரி வழியாக அனுப்பலாம். பதிவுத் தபால் ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். முறையீடு எந்த அலுவலகத்தில் எத்தனை நாள் சும்மா கிடந்தது என்பதை வைத்தே உயர் நீதிமன்றம் எத்தனையோ ஆணைகளை ரத்து செய்திருக்கிறது.

கையில் பணமில்லையே என்று தயங்கவேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். இலவச சட்ட உதவிக்கு அடிப்படையான 39ஏ உறுப்பு, நெருக்கடி நிலைக் காலத்து 42-ஆவது திருத்தத்தில் வந்தது.

அந்த அம்மாவின் புக்லெட்டை அன்றிரவு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். சில பக்கங்கள் நகலின் நகலாகி, மை தீற்றிய கோடுகளாகத்தான் தெரிந்தன. நடுவில் ரிமாண்ட் (நீதிமன்றக் காவல்) நீட்டிப்பு உத்தரவு ஒன்று ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. பையனுக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. படிக்க முடியாத காரணத்துக்கு எப்படிப் பதில் எழுதுவான்? இதே போன்ற குறைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-இல் காவலை ரத்து செய்திருக்கிறது. அதைத்தான் உயர் நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனுவில் முதல் காரணமாக வைத்தேன்.

ஆணை ரத்தானது. ஆனால் மனு விசாரணைப் பட்டியலுக்கு வந்து தீர்ப்பாவதற்குள் அவன் ஐந்து மாதம் உள்ளே இருந்துவிட்டான்.