டயஸ்போரா: இங்கேயே பிறந்தவள் எங்கிருந்து பெயர்ந்தாள்?

என் பெறாமகள், அண்ணனின் மகள், கனடாவின் ஸ்காபரோவில் பிறந்தவள், ஆங்கிலத்தில் கதை எழுதுகிறவள். ஒரு தமிழ்ச் சிற்றிதழ் அவளுடைய கதையொன்றை மொழிபெயர்த்துப் போட்டபோது, பெயருக்குக் கீழே 'புலம்பெயர் எழுத்தாளர்' என்று அச்சிட்டிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, புலம்பெயர் எண்டா என்ன?"

"ஊரை விட்டிட்டு வெளிக்கிட்டு வந்தவை."

"அது அம்மாவும் அப்பாவும். நான் இஞ்சைதானே பிறந்தனான்?"

இலக்கணப்படி அவள் கேட்டது சரி. 'பெயர்தல்' என்றால் இருந்த இடத்தைவிட்டு நகர்தல். நகராதவளை அந்த வினைக்குள் எப்படி அடக்குவது?

'டயஸ்போரா'வுக்கு ஈடாகத்தான் நாம் இந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். ஆனால் அந்தக் கிரேக்கச் சொல்லின் வேரில் இருப்பது பயணம் அல்ல, விதைப்பு. 'டயா' என்றால் ஊடாக, பரவலாக. 'ஸ்பெய்ரோ' என்றால் விதைக்கிறேன். பூஞ்சையின் 'ஸ்போர்' கூட இதே வேரில் வந்ததுதான். எபிரேய வேதாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், உபாகமம் 28ஆம் அதிகாரத்தில், யூதர்கள் நாடுகள் எங்கும் சிதறுவதைச் சொல்ல இதை எடுத்தாண்டார்கள். சிதறிய விதை விழுந்த இடத்தில் முளைக்கும். முளைத்ததும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். நம் சொல்லில் விதை இல்லை, நடந்துபோன கால் மட்டும் இருக்கிறது.

'புலம்பெயர்' நேற்றுச் செய்த கலைச்சொல் என்று நினைப்பவர்கள் பட்டினப்பாலையைப் புரட்டலாம்.

"மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப்
புலம்பெயர் மாக்கள் கலந்தினி துறையும்"

பல மொழி பேசும் நாடுகளிலிருந்து காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து, ஊராரோடு கலந்து இனிதாக வாழ்ந்தவர்களைப் புலவர் இப்படிச் சொல்கிறார். அங்கே புலம்பெயர்ந்தவர் அயலார், பார்ப்பவர் வரவேற்கும் ஊர்க்காரர். 1983க்குப் பிறகு ஈழத்தில் பார்வை திரும்பிக்கொண்டது. விட்டுப்போன நம்மவரே புலம்பெயர்ந்தோர் ஆனார்கள். தமிழ்நாட்டிலோ, 2020 பொதுமுடக்கத்தின்போது 'புலம்பெயர் தொழிலாளர்' என்றால் பெரும்பாலும் வடமாநிலத்தவர். இதை அந்த ஊர்ச் செய்தியில் படிக்கும் யாழ்ப்பாணத்தான் ஒரு கணம் தடுமாறத்தான் செய்வான்.

மாற்றுச் சொற்கள் இல்லாமல் இல்லை. 'புகலிட இலக்கியம்' என்பது தஞ்சம் கேட்டவரின் எழுத்துக்குப் பொருந்தும். கனடாக் குடியுரிமையோடு பிறந்தவள் யாரிடம் புகல் கேட்டாள்? தமிழ்நாட்டு அரசின் 'அயலகத் தமிழர்' எனக்கு ஒட்டவில்லை. சென்னையில் நின்று பார்த்தால்தான் அது அயலகம், அவளுக்கு அதுதான் அகம்.

இந்தக் குழப்பம் அவளோடு முடிவதும் இல்லை. லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த சங்கரி சந்திரன் 2023இல் அந்த நாட்டின் மைல்ஸ் பிராங்க்ளின் இலக்கிய விருது பெற்றார். விருது பெற்ற நாவலின் களம் சிட்னியில் ஒரு முதியோர் இல்லம். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த வி. வி. கணேசானந்தன் 2024இல் பிரிட்டனின் பெண்கள் புனைவுப் பரிசைப் பெற்றது 1980களின் யாழ்ப்பாணத்தை எழுதி. இவர்கள் புலம்பெயர்ந்தவர்கள் அல்லர். புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள்.

ஒரு வழி இருக்கிறது. ஈழத்து வழக்கில் 'புலம்' என்ற சொல்லே மெல்லத் தலைகீழாகிவிட்டது. 'நிலமும் புலமும்' என்று எழுதும்போது நிலம் ஈழம், புலம் போய்ச் சேர்ந்த நாடு. விட்டு வந்த இடத்தைக் குறித்த சொல் வந்து சேர்ந்த இடத்துக்கு ஆகிவிட்டது. அப்படியானால் மொத்தச் சமூகத்துக்கும் 'புலத்தமிழர்', வந்தவருக்கு மட்டும் 'புலம்பெயர்ந்தோர்', பிள்ளைகளுக்குப் 'புலத்தில் பிறந்தோர்' என்று பிரித்து எழுதலாம். என் வாக்கு இதற்கே.

ஆங்கிலத்தில் 'ஹோம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குவது தமிழில் வீடு, ஊர் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அவள் 'வீடு' என்றால் ஸ்காபரோ வீடு. அண்ணன் முப்பத்தைந்து வருடமாக அதே வீட்டில் இருந்தும், அவர் 'ஊர்' என்றால் பருத்தித்துறைதான்.

அடுத்த இதழுக்கான குறிப்பில் 'புலம்பெயர்' என்பதை அடித்துவிட்டு, 'புலத்தில் பிறந்தவர், வீடு ஸ்காபரோ' என்று எழுதிக் காட்டினாள். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"ஊரையும் போடு, பிள்ளை."

"ஆரின்ரை ஊரை அப்பா?"