செஸ் எஞ்சின்: தமிழில் சதுரங்கப் பொறி

கணினிகள் தங்களுக்குள் செஸ் விளையாடும் சம்பியன்ஷிப் பற்றித் தமிழில் செய்தி வந்தால் பெரும்பாலும் "கணினி சதுரங்கப் போட்டி" என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அப்படிச் சொல்லக்கூடிய பெரிய போட்டிகள் இரண்டு. ஒன்று 1974இல் தொடங்கி 2024இல் முடிந்துபோன உலகக் கணினிச் சதுரங்கச் சம்பியன்ஷிப். மற்றது 2010இல் மார்ட்டின் தோரெசன் தொடங்கி, இன்றைக்கு டி.சி.இ.சி. என்று எல்லாரும் சொல்கிற டொப் செஸ் எஞ்சின் சம்பியன்ஷிப். முதலாவதின் பெயரில் கணினி இருக்கிறது, இரண்டாவதின் பெயரில் எஞ்சின் இருக்கிறது, அந்த ஒரு சொல்லில்தான் இரண்டு போட்டிக்கும் உள்ள வித்தியாசமே இருக்கிறது. தமிழுக்கு வரும்போது அதைத்தான் நாங்கள் தொலைத்துவிடுகிறோம்.

மட்டக்களப்பில் எஞ்சின் என்றால் முதலில் ஞாபகம் வருவது வள்ளத்தின் பின்னால் பூட்டுகிற இஞ்சின்தான். கல்லடியில் சனிக்கிழமை செஸ் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் விளையாடி முடித்த கையோடு "எஞ்சின் என்ன சொல்லுது சேர்?" என்று போனை நீட்டுவார்கள். கூட்டிப்போக வந்து நிற்கிற தகப்பன்மாரில் ஒருவர், நாவலடிப் பக்கம் கடலுக்குப் போகிறவர், "இஞ்சின் எண்டு சொல்லுறாங்களே, அது என்ன சாமான் சேர்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஏனென்றால் பிள்ளைகள் போனில் பார்க்கிற பலகையோ காய்களோ பக்கத்தில் ஏறி இறங்குகிற வெள்ளை கறுப்புப் பட்டையோ எஞ்சின் இல்லை. அதெல்லாம் மேல்தோல்.

எஞ்சினை மட்டும் தனியாக இறக்கித் திறந்து பாருங்கள். ஸ்டொக்ஃபிஷ் என்ற பலமான எஞ்சினை அப்படித் திறந்தால் ஒரு கறுப்பு ஜன்னல்தான் வரும், பலகை கிடையாது, படம் கிடையாது. காய்கள் எங்கே நிற்கின்றன என்று எழுத்தில் கொடுத்து "கோ" என்று தட்டினால் வரி வரியாக எண்கள் ஓடும், எத்தனை நகர்த்தல் ஆழம் பார்த்தது, எத்தனை நிலைகளை எண்ணியது, யார் பக்கம் எவ்வளவு மேல் என்று. கடைசியில் "பெஸ்ட்மூவ்" என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று நாலு எழுத்து. அவ்வளவுதான் அதன் வேலை. யோசிக்கிற பகுதியையும் காட்டுகிற பகுதியையும் இப்படிப் பிரித்துவைக்க ஒரு பொது ஒழுங்கு 2000ஆம் ஆண்டில் யூ.சி.ஐ. என்ற பெயரில் வந்தது, அதைச் செய்த இருவரில் ஒருவர் ஷ்ரெடர் என்ற எஞ்சினை எழுதிய ஸ்டெஃபான் மெயர்-காலன். அதற்குப் பிறகு எந்த எஞ்சினையும் எந்தப் பலகையிலும் பூட்டலாம் என்றாகிவிட்டது. வள்ளத்து இஞ்சினையும் அப்படித்தான் கழற்றிப் பூட்டுகிறோம் என்றதும் அந்தத் தகப்பனுக்குச் சட்டென்று பிடிபட்டது.

சரி, சொல்லுக்கு வருவோம். எஞ்சின் என்பதன் அடி லத்தீனில் இங்கெனியும், பிறவியிலேயே உள்ள அறிவுக்கூர்மை என்று பொருள். இரும்புக்கும் எண்ணெய்க்கும் அதோடு ஒரு தொடர்பும் இல்லை. பழைய பிரெஞ்சில் எஞ்சின் என்றாகி முதலில் சாமர்த்தியம், தந்திரம் என்ற பொருளில் நின்றது, பிறகு தந்திரத்தால் செய்த பொருளுக்கும், அதாவது கோட்டை மதிலை உடைக்கிற போர்க்கருவிக்கும் விலங்கு பிடிக்கிற பொறிக்கும் பெயரானது. ஆங்கிலத்தில் அது தேய்ந்து ஜின் என்றாகி முயல் பிடிக்கிற கண்ணிக்குப் பெயராக இருந்ததும் உண்டு. நீராவி இயந்திரம் வந்த பிறகுதான் இரும்பும் புகையும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டன. 19ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் பபேஜ் தான் திட்டமிட்ட கணக்குப் போடும் கருவிக்கு அனலிட்டிக்கல் எஞ்சின் என்று பெயர் வைத்தபோது சொல் மறுபடி அறிவின் பக்கம் திரும்பியது. செஸ் எஞ்சின் என்கிறபோது அது கிளம்பின இடத்துக்கே கிட்டத்தட்டத் திரும்பி வந்திருக்கிறது.

இப்போது தமிழில் பொறி என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். ஐம்பொறி என்கிறோம், மெய் வாய் கண் மூக்கு செவி, உலகத்தை அறிகிற வாசல்கள். எலிப்பொறி என்கிறோம், அது விலங்கு பிடிப்பது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் காவலைச் சொல்லும்போது "வளைவிற் பொறியும்" என்று வருகிறது, தானே வளைந்து எய்கிற எந்திரவில் என்று அதற்கு உரை. ஆள் இல்லாமல் தானே எய்வது, அதைக் கவனியுங்கள். அறிவு, கண்ணி, மதில் மேல் போர்க்கருவி என்று இரண்டு சொல்லும் ஒரே மூன்று இடங்களில் நின்றிருக்கின்றன. ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தது கிடையாது, லத்தீனுக்கும் தமிழுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் இல்லை. எனக்கு இதைப் பார்க்கும்போது வருகிற சந்தோசம் சொல்லி முடியாது. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல்லை யாரும் உட்கார்ந்து உண்டாக்க முடியாது.

அதோடு பொறி எங்களுக்குப் பழகிய சொல். இந்தியாவில் பொறியாளர் என்பவரை நாங்கள் பொறியியலாளர் என்கிறோம், செய்தியைத் திறந்தால் பொறிமுறை என்ற சொல் வராத நாள் இல்லை. தேடுபொறி என்பது இரு கரையிலும் நிலைத்துவிட்டது. தேடுபொறி ஒரு இரும்புப் பெட்டி என்று யாரும் நினைப்பதில்லை, அது ஒரு நிரல் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வழியிலேயே சதுரங்கப் பொறி என்று சொன்னால் போதும்.

வேறு சொற்களையும் பார்க்கத்தான் வேண்டும். எந்திரம் பழைய சொல், கரும்பு பிழிகிற ஆலையைக் கரும்பின் எந்திரம் என்று ஐங்குறுநூறே சொல்கிறது, ஆனால் இன்றைக்கு எந்திரம் என்றாலும் இயந்திரம் என்றாலும் கையால் தொடக்கூடிய பொருள்தான் மனதில் வரும். வயலில் ஓடுகிற உழவு இயந்திரமும் இயந்திரம்தான், இதற்கும் அதே சொல்லா? மென்பொருள் என்பது அகலம் கூடிப்போய்விடும், பலகையைக் காட்டுகிற நிரலும் மென்பொருள்தானே. செயலி ஏற்கெனவே போன் ஆப்புக்கும் கணினியின் புரொசசருக்கும் இடையில் அடிபடுகிறது. கணிப்பொறி என்று கணினியையே முன்பு சொல்லிவந்தார்கள், அது இருந்தவரை பொறி என்றால் பெட்டியா நிரலா என்று குழம்பியிருக்கும். இப்போது கணினி என்பதே நிலைத்துவிட்டதால், இங்கே சிலர் கணனி என்றும் எழுதுகிறார்கள், பொறி என்ற சொல் ஓய்வாகத்தான் இருக்கிறது.

ஒரு இடைஞ்சல் உண்டு, அதை மறைக்கக்கூடாது. செஸ் வகுப்பில் பொறி என்றால் ட்ராப். "பொறிக்குள்ள விழுந்திட்டான்" என்று நாலாம் நகர்த்தலில் ராணியைத் தொலைத்த பையனைப் பற்றித்தான் சொல்வோம். ஒரே மேசையில் இரண்டு பொருளும் வந்தால் பிள்ளைகள் திணறுவார்கள். ஆகவே ட்ராப்புக்குக் கண்ணி என்று சொல்லிக்கொடுப்பதும், எழுத்தில் முதல் தடவை வரும்போது சதுரங்கப் பொறி என்று முழுதாக எழுதி, பிறகு பொறி என்று சுருக்குவதும்தான் சரியென்று நினைக்கிறேன். கண்ணி வைத்தான், பொறி சொன்னது. குழப்பம் இல்லை.

இனிப் போட்டிகளுக்கு வருவோம், ஏனென்றால் கணினிக்கும் பொறிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் துலக்கமாகத் தெரியும். 1974இல் ஸ்டொக்ஹோமில் 13 நிரல்கள் கூடின, சோவியத் நாட்டின் கைஸ்ஸா நான்கு சுற்றிலும் நான்கையும் வென்று பட்டம் எடுத்தது. அதை ஓட்டிய கணினி மொஸ்கோவில் இருந்தது, நகர்த்தல்கள் தொலைபேசியில் வந்தன. அந்தக் காலத்தில் அந்தப் போட்டிக்கு எந்தக் கணினியையும் கொண்டுவரலாம், எவ்வளவு பெரியதானாலும் சரி. 1980இல் லின்ஸ் நகரில் வென்ற பெல் என்ற பொறிக்கு செஸ்ஸுக்கென்றே செய்த சுற்றுப்பலகைகள் இருந்தன. 1983இலும் 1986இலும் வென்ற க்ரே பிளிட்ஸ் ஓடியது க்ரே சுப்பர் கணினியில். வென்றது யோசனையா இரும்பா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, அதனால் அதற்குக் கணினிச் சதுரங்கம் என்ற பெயர் முற்றிலும் சரி. இரண்டும் சேர்ந்து விளையாடின. 1995இல் ஹொங்கொங்கில் இது தலைகீழானது, ஐ.பி.எம். நிறுவனம் செய்த டீப் புளூவின் முன்மாதிரியை ஒரு சாதாரண பென்டியம் கணினியில் ஓடிய ஃப்ரிட்ஸ் தோற்கடித்துப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. பொறி என்பதைத் தனியே பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இரண்டு வருசம் கழித்து அதே டீப் புளூ வளர்ந்து உலகச் சம்பியன் கஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்றது வேறு கதை.

அந்தப் பழைய போட்டியில் இன்னொரு ஆளும் இருந்தார், ஒப்பரேட்டர். மேசையில் உண்மையான பலகை, மணிக்கூடு, இரு பக்கமும் இரண்டு மனிதர்கள். பொறி சொன்னதைப் பலகையில் வைப்பதும் எதிராளி வைத்ததைக் கணினியில் தட்டுவதும்தான் அவர்கள் வேலை, சொந்தமாக யோசிக்கக் கூடாது. 2003இல் கிராஸ் நகரில் ஜொனி என்ற நிரலும் ஷ்ரெடரும் விளையாடியபோது வெல்லவேண்டிய ஷ்ரெடர் ஒரு கோளாறினால் ஒரே நிலையை மூன்றாம் தடவையும் வரவிட்டுவிட்டது. விதிப்படி கேட்டிருந்தால் ஆட்டம் சமநிலை. ஜொனியின் திரையில் அந்த அறிவிப்பும் வந்தது, ஆனால் ஜொனியின் ஆள் சமநிலையைக் கோராமல் தொடர்ந்து விளையாடினார். ஷ்ரெடர் வென்றது, ஃப்ரிட்ஸோடு முதலிடத்தைப் பகிர்ந்து, பிறகு முடிவு காணும் ஆட்டங்களிலும் வென்று சம்பியனானது. பொறி சொன்னதை ஆள் எடுத்துச் சொல்லவில்லையென்றால் அது யாருடைய ஆட்டம்? பெரிய சர்ச்சையானது. ஃப்ரிட்ஸ் பக்கம் நின்றவர்களின் கோபம் எனக்கு இன்றைக்கும் நியாயமாகத்தான் படுகிறது. ஒப்பரேட்டரைத் தமிழில் இயக்குநர் என்றால் படம் எடுப்பவர் ஆகிவிடுவார், கையாள் என்றால் மரியாதை இல்லை. நகர்த்துநர் என்று நான் எழுதுகிறேன், அவர் செய்வது அதுதான்.

டி.சி.இ.சி.யில் நகர்த்துநரே இல்லை. ஏற்பாட்டாளர்களின் கணினியில் பொறிகள் நேருக்கு நேர் பூட்டப்படுகின்றன, நிரலை எழுதியவர் தன் கணினியைக் கொண்டுவந்து மேலே நிற்க முடியாது. பிரிவு பிரிவாக ஏறி இறங்கி, கடைசியில் முதல் இரண்டு பொறிகள் 100 ஆட்டம் ஆடுகின்றன. வழக்கமான தொடக்கத்திலிருந்து விட்டால் இவ்வளவு பலமான இரண்டு பொறிகள் சமநிலையாகவே ஆடித் தள்ளும், ஆகவே முதல் சில நகர்த்தல்களை மனிதர்கள் தெரிந்து கொடுக்கிறார்கள், ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்த நிலைகளாக. ஒவ்வொரு தொடக்கமும் இரண்டு தடவை, நிறம் மாற்றி. சாய்ந்த நிலையை வெள்ளையில் வென்று, அதே நிலையைக் கறுப்பில் தாக்குப்பிடித்த பொறிதான் மேல். இங்கே இணைய வேகம் விழுந்தாலும் பார்த்துவிடலாம், எழுத்தும் எண்ணும்தானே வருகிறது.

இந்த மேடையில் அதிகம் வென்றது ஸ்டொக்ஃபிஷ். ஸ்டொக்ஃபிஷ் என்றால் உப்பிடாமல் குளிர்காற்றில் காயவிட்ட கொட் மீன், நோர்வேக்காரர்களின் கருவாடு. நோர்வேக்காரர் எழுதிய நிரலை இத்தாலிக்காரர் எடுத்து வளர்த்ததால், நோர்வேயில் செய்து இத்தாலியில் சமைத்தது என்று அந்தப் பெயரை வைத்தார்கள். கருவாடு மணக்காத சந்தை இல்லாத எங்கள் ஊரில் இந்தப் பெயரை விளக்கினால் பிள்ளைகள் ஒருநாளும் மறப்பதில்லை. அதற்கு எதிரே நின்ற லீலா யாரும் சொல்லிக்கொடுக்காமல் தன்னோடு தானே விளையாடிப் பழகிய பொறி, 2019இல் டி.சி.இ.சி. பட்டத்தை வென்றது. 2020இல் ஸ்டொக்ஃபிஷும் ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு என்பவர் கண்டுபிடித்த ஒரு சிறிய நரம்பு வலையை, அதாவது நியூரல் நெட்வொர்க்கை, உள்ளே வைத்துக்கொண்டது.

சம்பியன்ஷிப்புக்கு என்ன சொல்வது? சம்பியன் என்பது லத்தீன் கம்புஸ், அதாவது களம் என்ற சொல்லிலிருந்து வந்தது, களத்தில் இறங்கிப் பொருதுபவர் என்று கருத்து. சுற்றுப்போட்டி என்று இங்கே பாடசாலை மட்டத்திலிருந்தே சொல்லிவருகிறோம், அது டூர்னமெண்டுக்கு நல்ல சொல், ஆனால் பட்டத்தைச் சொல்லவில்லை. பட்டத்துக்கு வாகை இருக்கிறது. வாகை என்றால் போரில் வென்றவன் சூடும் பூ என்று மட்டும் நினைக்கவேண்டாம், "தத்தம் கூற்றைப் பாகுபட மிகுதிப் படுத்தல்" என்று தொல்காப்பியம் சொல்கிறது, அவரவர் துறையில் மற்றவரைவிட மேம்பட்டு நிற்பதும் வாகைதான். ஆகவே பழையது உலகக் கணினிச் சதுரங்க வாகைப் போட்டி, டி.சி.இ.சி. சதுரங்கப் பொறி வாகைப் போட்டி. சொல்லும்போது சம்பியன்ஷிப் என்றே சொன்னாலும் குற்றமில்லை. பொறியையும் கணினியையும் மாற்றிப் போடாமல் இருந்தால் சரி.

எழுதுகிறவர்களுக்கு ஒன்று. பொறி அஃறிணை. "லீலா வெண்டுட்டா சேர்!" என்று பிள்ளைகள் கத்துவது அழகு, பெயரும் பெண் பெயர்தான். செய்தியில் எழுதும்போது லீலா வென்றது, ஸ்டொக்ஃபிஷ் தோற்றது என்று எழுதுங்கள். வென்றார், தோற்றார் என்பதை நிரல் எழுதியவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.