ஓபிடி: உள்ளமை பழுதறிதல்

"ஸ்கேனர் போட்டுப் பார்த்துடலாம்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். அந்த 'ஸ்கேனர்' மூன்று பொருள்களைக் குறிக்கிறது: வண்டி தன் பழுதைத் தானே கவனித்துக் குறித்துவைக்கும் ஏற்பாடு, சாக்கெட்டில் செருகும் அடாப்டர், போனிலோ லேப்டாப்பிலோ ஓடும் சாஃப்ட்வேர். இவற்றில் ஓபிடி என்பது முதலாவது மட்டுமே. அது வண்டியோடு வருவது, கடையில் வாங்க முடியாதது. பழைய காருக்குத் தவறான அடாப்டர் வாங்கிப் பணத்தை விடுவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான்.

'ஆன்-போர்டு டயக்னாஸ்டிக்ஸ்' என்பதன் சுருக்கம் ஓபிடி. ஆன்-போர்டு கப்பல் வழக்கிலிருந்து வந்தது. ஊர்திக்குள்ளேயே இருப்பது என்று இன்று பொருள். டயக்னாஸிஸ் கிரேக்கச் சொல். பிரித்தறிதல் அதன் வேர்ப்பொருள். மருத்துவத்தில் அதை நோயறிதல் என்கிறோம். வண்டிக்கு நோய் என்று யாரும் சொல்வதில்லை, பழுது என்போம். எனவே 'உள்ளமை பழுதறிதல்' பொருத்தமான தமிழ். அடாப்டருக்குக் கணினித் தமிழில் 'தகவி' ஏற்கெனவே இருக்கிறது. வண்டியின் மொழிக்கும் லேப்டாப்பின் மொழிக்கும் நடுவில் நிற்கும் கருவிக்கு அது கச்சிதமான பெயர்.

கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் 1988 மாடல் கார்களிலிருந்து இதைக் கட்டாயமாக்கியது. நோக்கம் புகைக் கட்டுப்பாடு. ஆனால் சாக்கெட்டும் மொழியும் கம்பெனிக்குக் கம்பெனி வேறாக இருந்தன. 1996-இல் அமெரிக்கா முழுவதும் இதன் அடுத்த பதிப்பான ஓபிடி-2 வந்தபோதுதான் 16 பின் சாக்கெட் பொதுவானது. இந்தியாவில் ஓபிடி-1 ஏப்ரல் 2010-இலும் ஓபிடி-2 ஏப்ரல் 2013-இலும் கட்டாயமாயின. ஆகவே 2013-க்கு முந்தைய வண்டியில் 16 பின் சாக்கெட் இருப்பதாலேயே அது ஓபிடி-2 பேசும் என்று நம்பக் கூடாது. கம்பெனியின் சொந்த மொழி மட்டுமே பேசும் வண்டிகளும் உண்டு.

அடாப்டர் வாங்குவதற்கு முன் டார்ச் அடித்து சாக்கெட்டைப் பாருங்கள். 16-ஆம் துளை பேட்டரி பாசிட்டிவ். 4, 5 எர்த். இவை எல்லா வண்டியிலும் இருக்க வேண்டும். அதற்குமேல் 6, 14 துளைகளில் உலோகம் இருந்தால் அநேகமாகக் கேன் (சிஏஎன், வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் புதிய முறை) வண்டி. சாதாரண அடாப்டரே போதும். அவை இல்லாமல் 7 மட்டும், அல்லது 7-உம் 15-உம் இருந்தால் கே-லைன் என்ற பழைய தகவல் தொடர்பு முறை. 2-இல் இருந்தால் பழைய அமெரிக்க ஃபோர்டு, ஜிஎம் வழிமுறை.

தகராறு வருவது கே-லைனில்தான். பழைய முறையில், தொடக்க, முடிவு பிட்டுகளோடு சேர்த்து 10 பிட் வரும் முகவரியை நொடிக்கு 5 பிட் வேகத்தில் அனுப்பி இன்ஜின் கம்ப்யூட்டரை எழுப்ப வேண்டும். அதற்கே 2 நொடி ஆகும். அடாப்டருக்குள் இருந்து மொழிபெயர்க்கும் ஈஎல்எம்327 சிப்பின் மலிவான நகல்கள் பல இந்த நேரக்கணக்கில் பிசகி, விளக்கு எரிந்தும் 'கனெக்ட் ஆகவில்லை' என்று காட்டும். '1.5' என்று அச்சிட்டு விற்பவை நகல்கள்தான். அசல் சிப்பைத் தயாரித்த ஈஎல்எம் எலக்ட்ரானிக்ஸ் அப்படியொரு பதிப்பை வெளியிடவேயில்லை. நகலைத் தூக்கிப் போடும் முன் இக்னிஷனை ஆன் நிலையில் வைத்து, சாஃப்ட்வேரில் 'ஆட்டோ' தேடலை விட்டு கே-லைன் வழிமுறையான ஐஎஸ்ஓ 9141-2-ஐ நேரடியாகத் தேர்ந்து பாருங்கள். பிறகு பட்டியலில் உள்ள கேடபிள்யூபி என்ற மற்றக் கே-லைன் வழிமுறைகள் இரண்டையும். அடாப்டரில் விளக்கே எரியவில்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் சிகரெட் லைட்டருக்கும் இந்தச் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ்.

ஏபிஎஸ், ஏர்பேக் பழுது பார்க்க வேண்டுமென்றால் பொது ஓபிடி சாஃப்ட்வேர் உதவாது, அது இன்ஜின் புகை தொடர்பானதை மட்டுமே பார்க்கும். கம்பெனி மொழி தெரிந்த சாஃப்ட்வேரும் அதற்கேற்ற யூஎஸ்பி கேபிளும் வேண்டும். பழைய பிஎம்டபிள்யூக்களில் பானட்டுக்கடியில் 20 பின் வட்டச் சாக்கெட் இருக்கும். அதற்குத் தனி மாற்றுப்பிளக். 16 பின் உள்ள பழைய பிஎம்டபிள்யூ மாடல்கள் பலவற்றில் 7-உம் 8-உம் இணைந்திருக்க வேண்டும். கே-லைன், கேன் இரண்டுக்கும் பயன்படும், சுவிட்ச் வைத்த கே+டிகேன் கேபிள் விற்பது அதற்காகத்தான். அந்தக் கேபிளை விண்டோஸில் செருகியதும் டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் லேட்டன்ஸி டைமரை (தகவலை அனுப்பும் முன் காத்திருக்கும் நேரம்) 16 மில்லிநொடியிலிருந்து 1-ஆகக் குறையுங்கள். இதைச் செய்யாமல் கேபிள் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் அதிகம்.