அவிசுவாசி வேறு, கடவுள் மறுப்பாளர் வேறு

போன மாதம் மதுரையில் ஒரு நற்செய்திக் கூட்டம். ஆங்கிலத்தில் பேசியவர் 'ஏதிஸ்ட்', அதாவது கடவுள் இல்லை என்பவர், என்ற போதெல்லாம், பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவர் 'அவிசுவாசி' என்றார். ஒரு தடவை என்றால் அவசரத்தில் வந்துவிட்டது என்று விடலாம். கடைசி ஜெபம் வரைக்கும் அதே சொல். சபைப் பத்திரிகைகளிலும் பல வருடமாக இதைத்தான் படித்து வருகிறேன்.

'ஏதிஸ்ட்' என்பதன் வேர் எளியது. கிரேக்கத்தில் 'தெயோஸ்' என்றால் கடவுள். முன்னால் 'அ' சேர்ந்தால் 'அதெயோஸ்', கடவுள் இல்லாதவர். புதிய ஏற்பாட்டில் இது வருவது ஒரே இடத்தில், எபேசியர் 2:12. பைபிளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே 'தேவனற்றவர்கள்' என்கிறது. அவிசுவாசி என்பது 'அபிஸ்தோஸ்' என்ற வேறொரு சொல்லுக்கு உரியது. 'அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக' என்ற 2 கொரிந்தியர் 6:14இல் வருவது அதுதான். வேதத்தில் இரண்டாக இருப்பதை நாம் ஏன் ஒன்றாக்க வேண்டும்?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எங்களுக்குப் பூ தரும் அக்கா, வெள்ளிக்கிழமை தவறாமல் மீனாட்சி கோயிலுக்குப் போகிறவர். மல்லிகையைத் தராசில் போடும்போதே 'தாயே' என்றுதான் வாய் சொல்லும். எங்கள் தெருவிலேயே கருப்புச் சட்டை அண்ணன் ஒருவர், கடவுளே இல்லை என்று விடிய விடிய வாதாடுவார். சபை வழக்கில் இருவருமே அவிசுவாசி. இப்படி இரண்டு பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிற சொல், 'ஏதிஸ்ட்' யார் என்று எப்படி விளக்கும்?

சரி, நாத்திகர் என்று சொல்லலாமே என்பார்கள். எல்லோருக்கும் புரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் 'ந அஸ்தி', அதாவது 'இல்லை', என்பதிலிருந்து வந்த இந்த வடசொல்லுக்கு வேறொரு கணக்கு உண்டு. மனு சொல்லும் நாத்திகன் வேதத்தை நிந்திப்பவன். அந்தக் கணக்கில் கீழக்குயில்குடி சமணர் மலையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வணங்கியவர்களும் நாத்திகர், நாலு வேதத்தை ஏற்காத கிறிஸ்தவனும் நாத்திகன். ரோமர்களும் நம்மை அப்படித்தான் அழைத்தார்கள். இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரத்து ஆயர் (பிஷப்) பொலிகார்ப்பை அரங்கில் நிறுத்தி, 'தேவனற்றவர்கள் ஒழிக' என்று சொல்லச் சொன்னார்கள். அவர் சுற்றியிருந்த கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்து அதையே சொன்னார். ஊரார் கும்பிடும் தெய்வத்தைக் கும்பிடாதவனுக்கு இந்தப் பெயர் என்றால், முதலில் அது நம் மேல் விழுந்த பெயர்.

அப்புறம், பிரசங்கங்களில் அடிக்கடி எறியப்படும் கல் ஒன்று உண்டு: சங்கீதம் 14. 'தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்.' எபிரெயத்தில் மதிகேடனுக்கு உள்ள சொல் 'நாபால்'. 1 சாமுவேல் 25இல் அந்தப் பெயரிலேயே ஒருவன் வருகிறான். மூவாயிரம் செம்மறியும் ஆயிரம் வெள்ளாடும் உள்ள பணக்காரன். மயிர் கத்தரிக்கும் நாளில், தன் மேய்ப்பர்களைக் காத்து நின்ற தாவீதின் ஆட்களுக்கு அப்பம்கூடத் தர மாட்டேன் என்றவன். கடவுள் உண்டா இல்லையா என்று அவன் யாரிடமும் வாதாடவில்லை. கேட்க ஆளில்லை என்று வாழ்ந்தான், அவ்வளவுதான். அதே சங்கீதம் நாலாம் வசனத்தில், அப்பத்தைப் பட்சிப்பதுபோல் என் ஜனத்தைப் பட்சிக்கிறார்கள் என்கிறது. இந்த வசனம் கருப்புச் சட்டை அண்ணனைத் தேடிப் போகும் முன், காணிக்கைப் பையில் நோட்டைப் போட்டுவிட்டு வேலைக்காரிக்குக் கூலி பாக்கி வைக்கும் நம்மைத் தேடி வரும்.

கத்தோலிக்கத் திருச்சபை இதை வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டது. 1965இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், கடவுள் மறுப்பு உருவாவதில் நம்பிக்கையாளர்களுக்கும் பங்கு உண்டு என்றது. நாம் தப்பாகப் போதித்ததும் தப்பாக வாழ்ந்ததும் கடவுளின் முகத்தை மறைத்தன என்பது அதன் சாரம். மறுப்பவரோடு உட்கார்ந்து பேசவும் அழைத்தது. 'அவிசுவாசி' என்று தள்ளிவைத்துவிட்டு எங்கே பேசுவது?

ஆகவே நான் எழுதுவது கடவுள் மறுப்பு, கடவுள் மறுப்பாளர். இறைமறுப்பு என்றாலும் சரிதான். நல்ல தமிழ், எதை மறுக்கிறார் என்பது சொல்லிலேயே இருக்கிறது, வசை இல்லை. அவர்களும் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வது உண்டு. கருப்புச் சட்டை அண்ணனிடம் கேட்டபோது, "அப்படியே போடுங்க தம்பி, அதுதான் நாங்க" என்றார்.